ரசாஞ்சனத்தின் வழித்தடம்

இமயமலைச் சரிவில் வளரும் தாருஹரித்ரா என்ற முட்புதரின் வேரையும் தண்டையும் சீவி, நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, களிம்புப் பதம் வரும்வரை சுண்டக் காய்ச்சினால் கிடைப்பது ரசாஞ்சனம். வடஇந்தியக் கடைத்தெருவில் அதன் பெயர் ரசோத். சுசுருத சங்கிதை இதைக் கண்நோய்களுக்குச் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வணிகக் கையேடான ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’, சிந்து முகத்துவாரத்தில் கப்பலேறிய சரக்குகளுள் ‘லைகியோன்’ என்ற ஒன்றைக் குறிக்கிறது. கிரேக்கர் போற்றிய அந்தக் கண்மருந்தை அடைத்த சின்னஞ்சிறு குப்பிகள், பெயர் பொறித்தபடியே இன்று கிடைத்திருக்கின்றன. இந்திய லைகியோன் என்பது ரசோத்தான் என்று 1833இல் எடுத்துக்காட்டியவர், சகாரன்பூர் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராய்ல். இந்த நீண்ட வழித்தடத்தில் நான் முக்கியமாகக் கருதுவது செய்முறையை. கடல் கடந்து போனது பிழிந்த பச்சிலைச் சாறு அல்ல, காய்ச்சிச் செறிவூட்டிய சாரம். ‘இயற்கை வைத்தியம்’ என்று இலையைக் கசக்கிக் கண்ணில் விடுபவர்கள் மரபின் பெயரால் மரபையே மறந்துவிடுகிறார்கள்.

ஈராயிரம் ஆண்டு பயன்பாடு பொய்யாகுமா என்று கேட்கலாம். பொய்யல்ல, ஆனால் அது சிவந்த கண், வீங்கிய இமை என வெளியே தெரிந்த குறிகளுக்கான அனுபவம். அந்தக் குறிகளுக்குப் பூஞ்சையும் காரணமாக இருக்கலாம்; ஆனால் கருவிழியைப் பூஞ்சை அரிக்கும் என்பதை ஜெர்மன் கண் மருத்துவர் லேபர் விவரித்ததே 1879இல்தான். அதற்கு முன் குணமானவை எந்தக் கண்கள் என்று பிரித்தறிய வழியில்லை. ரசாஞ்சனத்தின் மஞ்சள் பொருளான பெர்பெரின், ஆய்வுக்கூடத் தட்டில் சில பூஞ்சைகளை அடக்குகிறதே என்பது இன்னும் வலுவான வாதம். அதை மதிக்கிறேன். ஆயினும் தட்டில் வளரும் பூஞ்சை வேறு, கருவிழித் திசுவுக்குள் இழையோடிய பூஞ்சை வேறு.

இயற்கைக்கு நவீன மருத்துவம் எதிரி என்பதும் சரியல்ல. கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு இன்று முதலில் கொடுக்கப்படும் நாட்டமைசின், 1955இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்ததுதான். மதுரையில் 1994இல் மூன்று மாதங்களில் ஆராய்ந்த 434 கருவிழிப் புண்களில், கிருமி கண்டறியப்பட்டவற்றில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வந்தவை. அதே மதுரை உள்ளிட்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடந்து 2013இல் வெளியான சோதனையில், செயற்கை மருந்தான வோரிகோனசோலை நாட்டமைசின் விஞ்சியது. ஃபியூசேரியம் பூஞ்சையில் அந்த வேறுபாடு மிகத் தெளிவு. மண் தந்த மருந்துதான், ஆனால் தூய்மையும் அளவும் உறுதிசெய்து சோதிக்கப்பட்டது. பெர்பெரினும் அந்தத் தேர்வை எழுதட்டும். நாட்டமைசினும்கூடக் கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. நெற்சுணை கீறிய கண்ணில் பச்சிலை பிழிந்து காத்திருக்கும் நாட்களில்தான் பூஞ்சை அந்த ஆழத்துக்குப் போகிறது.