யாழ்ப்பாணத்துக் கிரிக்கெட்: பள்ளிக்குப் பிறகு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கிரிக்கெட் மிஷன் பள்ளிகள் வழியாக வந்தது. நெடுங்காலம் பள்ளியோடேயே முடிந்தும் போனது. வெஸ்லியன் மிஷன் 1816 இல் தொடங்கிய பள்ளி பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஆயிற்று. சேர்ச் மிஷன் சங்கம் 1823 இல் நல்லூரில் தொடங்கிய செமினரி பிறகு சுண்டிக்குளிக்கு இடம் மாறி, 1891 இல் பரி. யோவான் கல்லூரி என்று பெயர் பெற்றது. அதே 1823 இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றை நிறுவியது. அதன் வழித்தோன்றலே யாழ்ப்பாணக் கல்லூரி. கத்தோலிக்கரின் பத்திரிசியார் கல்லூரிக்கு 1850 இல் வித்திடப்பட்டது. இவற்றில் வட்டுக்கோட்டையின் நிலைதான் சற்று வேடிக்கையானது. அமெரிக்கர் நடத்திய அந்தப் பள்ளியிலும் வேரூன்றியது ஆங்கிலேயரின் ஆட்டமே.

சைவப் பள்ளிகள் மிஷன் பள்ளிகளுக்கு எதிர்வினையாகப் பிறந்தவை. மத்திய கல்லூரியின் முன்னோடிப் பள்ளியில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அவரோடு சேர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி கண்டார். அந்த வழியில் 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. பாதிரியாரின் வேதத்தை மறுத்த இந்தப் பள்ளிகள் பாதிரியாரின் விளையாட்டை மறுக்கவில்லை. பரீட்சைப் பெறுபேற்றில் மிஷன் பள்ளிகளோடு போட்டியிட்டது போலவே மைதானத்திலும் போட்டியிட்டன.

மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான ஆண்டுப் போட்டி 1904 இல் தொடங்கியது. கொழும்பில் றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் 1879 இலேயே மோதத் தொடங்கியிருந்தன. வடக்கின் தொடர் அதற்கு இளையது என்றாலும் நாட்டின் பழைய பள்ளித் தொடர்களில் ஒன்று. 'வடக்கின் பெரும்போர்' என்று பத்திரிகைகள் எழுதும். ஊரார் வாயில் அது 'பிக் மட்ச்' தான். மார்ச் மாதத்தில், கோட்டைக்கு அண்மையிலுள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் மூன்று நாள் நடக்கும். பழைய மாணவர் கொழும்பிலிருந்தும் இப்போது லண்டன், ரொறன்ரோவிலிருந்தும் வந்து கூடுவார்கள். பாண்ட் வாத்தியமும் கொடியும் கூச்சலுமாக, ஆட்டத்தை விட ஆரவாரமே பெரிதாகிவிடும் நாட்களும் உண்டு. பத்திரிசியார் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான 'பொன் அணிகளின் போர்' 1917 இல் தொடங்கியது.

இந்தப் போட்டிகளில் சதம் அடித்தவரின் பெயரை ஐம்பது ஆண்டு கழித்தும் ஊர் சொல்லும். ஆனால் அந்தச் சதத்துக்குப் பிறகு அவர் எங்கே ஆடினார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. அவர் ஆடவில்லை, வேலைக்குப் போனார். கொழும்பு வரையான ரயில் பாதை 1905 இல் முழுமை பெற்றபோது, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞருக்குத் தலைநகரின் அரசாங்கக் கந்தோர்கள் திறந்துகொண்டன. மலாயாவின் ரயில்வேயும் அலுவலகங்களும் அதற்கு முன்பே அவர்களை இழுக்கத் தொடங்கியிருந்தன. கிரிக்கெட்டும் அவர்களோடு கப்பலேறியது. சிங்கப்பூரின் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் அப்படிப் போனவர்கள் கட்டிய கழகங்களில் ஒன்று. குடாநாட்டில் பெற்றோருக்கு விளையாட்டு பள்ளி வயதுக்கு உரியது. உயர்தரப் பரீட்சை வந்தால் மட்டையைப் பரணில் வைக்க வேண்டியதுதான். அந்தக் கணக்கைப் பிழை என்று சொல்ல முடியாது. கிரிக்கெட் யாருக்கும் சம்பளம் கொடுக்காத காலம் அது.

கொழும்பில் தமிழர் 1899 இல் தமிழ் யூனியன் கழகத்தை அமைத்தனர். அதன் மைதானம் முதலில் கொழும்பு ஓவல் என்று அழைக்கப்பட்டது. இங்கிலாந்துக்குப் போகும் வழியில் 1948 இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கே ஆடியபோது ஆடுகளத்தின் நீளம் இரண்டு யார் குறைவாக இருந்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. கிரிக்கெட் சபையின் தலைவராக இருந்த பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் பின்னர் அந்த மைதானத்துக்குச் சூட்டப்பட்டது. இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை, 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக, ஆடியதும் அங்கேதான். 1947 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த மகாதேவன் சதாசிவம் அக்கழகத்தின் பெருமைக்குரிய துடுப்பாட்ட வீரர். அவர் கொழும்புப் பள்ளிகளில் ஆடி வளர்ந்தவர். ஆக, நாட்டின் கிரிக்கெட்டை ஆளவும் ஆடவும் தமிழர் இருந்தார்கள். குடாநாட்டு மைதானத்திலிருந்து நேரே அங்கே போய்ச் சேர வழிதான் இருக்கவில்லை.

அந்த வழி எப்படி அமைந்தது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். இலங்கையில் ஒரு வீரர் பள்ளியில் பெயரெடுத்து, முதல்தரக் கழகம் ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து தேர்வாளர் கண்ணில் பட வேண்டும். 1981 ஜூலையில் டெஸ்ட் அந்தஸ்து கிடைத்த பிறகு இந்த ஒழுங்கு மேலும் இறுகியது. முதல்தரக் கழகங்களிற் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. யாழ்ப்பாணத்துக் கழகம் எதுவும் அந்தத் தரத்தில் இருந்ததில்லை. ஆடுகளமும் ஒரு தடை. குடாநாட்டுப் பள்ளிகள் நெடுங்காலம் பாய் விரித்த ஆடுகளத்திலேயே ஆடின. பாயில் பந்து எழும் உயரம் ஒரே சீராக இருக்கும். புல் ஆடுகளத்தில் அப்படியல்ல. பாயில் பழகிய துடுப்பாட்டக்காரர் கொழும்புக்குப் போனால் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

கணினி விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. 1998 இல் பிரித்தானியாவில் வெளியான 'இன்டர்நேஷனல் கிரிக்கெட் கப்டன்' ஆட்டத்தில், விளையாடுபவர் மட்டையைத் தொடுவதில்லை. அணியைத் தெரிவு செய்து, பயிற்சி கொடுத்து, பருவத்துக்குப் பின் பருவமாக அதை நடத்துகிறார். வீரர்கள் மூப்படைந்து ஓய்வு பெறுவார்கள், புதிய இளைஞர் வருவார்கள். ஒரு வீரரின் பதினைந்தாண்டு வாழ்க்கை சில மாலைகளில் ஓடி முடியும். அதன் பின்வந்த பதிப்புகளும் இதே போன்ற வேறு ஆட்டங்களும் உலகெங்கும் ரசிகரைப் பிடித்து வைத்திருக்கின்றன. திறமை, வயது, ஆட்டத்திறன் ஆகிய எண்களே அங்கே ஒருவரின் விதி. ரயில் ஓடாத நாளும் ஊரடங்கும் பயண அனுமதியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் அவையே முதற் கணக்கு.

1972 இல் பிறந்த இரு பையன்களை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் உண்மையானவர்: முத்தையா முரளிதரன், கண்டி. மற்றவர் அதே திறமையோடு யாழ்ப்பாணத்தில் பிறந்ததாகக் கற்பனை செய்துகொள்ளப்படுபவர். 1983 ஜூலைக் கலவரத்தின்போது இருவருக்கும் பதினொரு வயது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டபோது பதினைந்து. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முரளி விக்கெட் எண்ணிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1990 ஜூன் 13 அன்று யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்குக் கடைசியாக வந்து நின்றது; மற்றவருக்கு அப்போது பதினெட்டு, கழகம் தேட வேண்டிய வயது. அந்த ஆண்டு செப்டெம்பர் வரை கோட்டை முற்றுகையில் கிடந்தது, அதன் அருகேதான் பெரும்போரின் மைதானம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை; எரிபொருளும் பற்றரியும் தடைப் பட்டியலில். அடுத்து வந்த ஆண்டுகளில் கொழும்புக்குப் போக வேண்டுமானால் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டும், அதற்கு முன் புலிகளின் அனுமதிச் சீட்டு, பின் வவுனியாவில் இராணுவச் சோதனை. முரளியோ 1990/91 பருவத்தில் நாட்டின் சிறந்த பள்ளிக் கிரிக்கெட் வீரராகத் தெரிவானார். தமிழ் யூனியனில் சேர்ந்தார். 1992 ஓகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்டில் அறிமுகமானார்.

1995 ஒக்டோபர் 30 அன்று, யாழ் நகரம் அடங்கிய வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தார்கள். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது யாழ் நகரம் கிட்டத்தட்ட ஆளரவமற்றுக் கிடந்தது. மக்கள் திரும்பத் தொடங்கியது அதற்கு அடுத்த மாதத்தில். குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் A9 பாதை 2002 ஏப்ரலில் மீண்டும் திறந்தபோது நம் கற்பனைப் பையனுக்கு முப்பது வயது. முரளி 2010 ஜூலையில் காலியில் 800 ஆவது விக்கெட்டை எடுத்து டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். முரளியின் குடும்பத்துக்கும் இனக்கலவரம் அந்நியமல்ல. 1977 இல் அவர்களது வீடும் தொழிற்சாலையும் தாக்கப்பட்டன. ஆகவே இரண்டு வாழ்க்கைகளையும் பிரித்தது இனம் மட்டுமல்ல. கண்டியிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

போர்க்காலத்தில் சில ஆண்டுகள் பெரும்போர் நடக்கவில்லை. விளையாட்டு நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. கடினப்பந்துக் கிரிக்கெட்டுக்குக் கால்காப்பும் கையுறையும் மட்டையும் வேண்டும், அவை வாங்க முடியாத விலை. ஒழுங்கைகளிலும் கோயில் வீதிகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மென்பந்து ஆட்டம் நடந்தது; மட்டை இல்லாத இடத்தில் பனைமட்டையோ தென்னமட்டையோ போதும். ஊர்க் கழகங்களும் சனசமூக நிலையங்களும் சுற்றுப்போட்டி வைத்தன. இதில் வளர்ந்த வேகமும் துணிச்சலும் உண்மையானவை. ஆனால் தேர்வாளர் மென்பந்தைப் பார்க்க வருவதில்லை. புலம்பெயர்ந்தவர்கள் கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ளூர் லீக்குகளில் ஆடினார்கள், பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் பிக் மட்சைக் குளிர்நாட்டுக் கோடையில் நடத்தின. குடாநாட்டின் ஒரு தலைமுறைக் கிரிக்கெட் பெரும்பகுதி வெளிநாட்டுப் பூங்காக்களில் ஆடப்பட்டது என்று சொன்னால் அதில் மிகை குறைவு.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2012 இல் வடக்கில் பள்ளி அணிகளுக்கான முரளி கிண்ணம் தொடங்கியது. தெற்குப் பள்ளிகளும் அதில் ஆட வந்தன. அதே ஆண்டு நடந்த இலங்கைப் பிரிமியர் லீக்கில் வடக்கின் பெயரால் 'உதுரு ருத்ராஸ்' என்று ஓர் அணி இருந்தது, முரளியே தலைவர். 2022 இன் தேசிய சுப்பர் லீக்கில் ஐந்து அணிகளில் ஒன்றுக்கு யாழ்ப்பாணத்தின் பெயர். இவற்றில் பெயர்தான் வடக்கினது. வீரர்கள் பெரும்பாலும் தெற்குக் கழகத்தவர். 2014 ஒக்டோபர் 13 அன்று ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்ததை, உள்ளூர்க் கிரிக்கெட்டைப் பொறுத்தவரை, இந்த அணிப் பெயர்களை விடப் பெரிய நிகழ்வாகவே கருத வேண்டும்.

திருப்பம் இருபது ஓவர் ஆட்டத்தின் வழியே வந்தது. 2020 இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் புலம்பெயர் தமிழர் உட்பட்ட முதலீட்டாளர்கள் 'ஜஃப்னா ஸ்டாலியன்ஸ்' அணியை வாங்கினார்கள். திசர பெரேரா தலைமையில் அது முதலாண்டே கிண்ணம் வென்றது. பிறகு 'ஜஃப்னா கிங்ஸ்' என்ற பெயரில் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. கிண்ணங்களை விட முக்கியமானது அந்த முதலாண்டு அணியில் வடக்கு இளைஞர் சிலருக்குக் கிடைத்த இடம். மத்திய கல்லூரி மாணவராக இருந்த கால்சுழல் பந்துவீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 19 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், 2020 டிசம்பர் 4 அன்று அறிமுகமானார். அவருடைய முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024 இல் காயமுற்ற வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை எடுத்தது. மே 8 அன்று லக்னோவுக்கு எதிராக அவர் ஐபிஎல்லில் அறிமுகமான ஆட்டத்தில் ஹைதராபாத் 166 என்ற இலக்கை 9.4 ஓவரில் விக்கெட் இழப்பின்றி எட்டியது.

அவர் வந்த பாதை பழைய பாதையல்ல. பள்ளி, கழகம், தேர்வாளர் என்ற வரிசையில் நடுவிலுள்ளதைத் தாண்டி, பள்ளியிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பாகும் லீக்குக்கு ஒரே தாவல். ஒருவருக்கு அது வாய்த்தது. நூறு பேருக்கு வாய்க்கும் ஒழுங்கு அதுவல்ல. லீக் அணி ஆண்டுக்குச் சில வாரம் மட்டுமே இயங்குகிறது. அந்த அணி தன் பெயர் கொண்ட ஊரில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. முதலாண்டு ஆட்டங்கள் முழுவதும் அம்பாந்தோட்டையில் நடந்தன, பின்னர் கொழும்பு, தம்புள்ளை, பல்லேகலை.

2025 செப்டெம்பர் 1 அன்று மண்டைதீவில் யாழ்ப்பாணத்துக்கான சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்தின் கட்டுமானத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடங்கி வைத்தார். மைதானம் வேண்டியதுதான்; சர்வதேச அணிகளை அது வரவழைக்கும். ஆனால் பத்தொன்பது வயதில் பள்ளியை விட்டு வெளியே வரும் பந்துவீச்சாளருக்கு மறுவாரமே ஆட ஓர் அணி தேவை. முதல்தரப் போட்டிகளில் ஆடும் கழகம் ஒன்றை, பயிற்றுநரோடும் புல் ஆடுகளத்தோடும், குடாநாட்டில் அமைப்பதற்கு அந்த மைதானம் கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.