பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் முறைசாராப் பொதுப் போக்குவரத்து

பேருந்து செல்லாத ஊர்களுக்கும், பேருந்து இல்லாத நேரங்களிலும் தனியாட்கள் சிறு ஊர்திகளை இயக்கி, ஆளுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறும் சேவை முறைசாராப் பொதுப் போக்குவரத்து எனப்படும். தமிழ்நாட்டின் ஷேர் ஆட்டோ, கென்யாவின் மட்டாட்டு, நைஜீரியாவின் டான்ஃபோ ஆகியவை இவ்வகையின.

பின்னணி

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து பிரிந்த அரியலூர், 2007 முதல் நிலையான தனி மாவட்டமாக உள்ளது. பெரம்பலூர் நகரம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருந்தாலும் அங்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. அரியலூரில் நிலையம் உண்டு. சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சிற்றூர் மக்கள் நடந்தோ, மாட்டு வண்டியிலோ, மிதிவண்டியிலோதான் பேருந்து நிறுத்தத்தை அடைந்தனர்.

சிற்றுந்துகள்

1972 முதல் தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. அவற்றின் பேருந்துகள் எட்டாத சிற்றூர்களுக்காக 1997இல் தனியார் சிற்றுந்துத் திட்டம் வந்தது. வழித்தடம் 20 கி.மீ.; அதில் பேருந்து வசதி இல்லாத பாதை 16 கி.மீ. இருக்க வேண்டும் என்பது விதி. மக்கள் ‘மினி பஸ்’ என அழைக்கும் இவை உரிமம் பெற்று ஓடுபவை. 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் வழித்தடம் 25 கி.மீ. ஆக நீட்டிக்கப்பட்டது.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஆட்டோ ‘காண்ட்ராக்ட் கேரேஜ்’ வகையைச் சேர்ந்தது. ஒருவரோ ஒரு குழுவோ முழு வண்டியையும் அமர்த்திக்கொள்ளலாம். வழியெங்கும் ஆளேற்றி இறக்கக் கூடாது. ஷேர் ஆட்டோவின் நடைமுறையோ இதற்கு நேர்மாறானது. எனவே அன்றாடத் தேவையாக இருந்தும், அபராதத்திற்கு அஞ்சியே அது ஓடுகிறது. கென்யாவில் 1973இல் அதிபர் ஜோமோ கென்யாட்டா மட்டாட்டுகளைத் தனி உரிமமின்றி ஓட அனுமதித்தார். அவை பெருகியபின், 2004இல் இருக்கைப் பட்டையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கட்டாயமாயின.

மக்கள் மீதான தாக்கம்

2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். பேருந்து வராத ஊரில் இச்சலுகை பயன்படுவதில்லை. அங்குள்ள பெண் ஷேர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். பருத்தி, மக்காச்சோளக் காடுகளுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்கள் சரக்கு வண்டியிலும் ஏறுகின்றனர். சரக்கு வண்டியில் இவ்வாறு ஆளேற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு பெறுவதும் கடினம். பேருந்து எட்டாத ஊரில் செலவும் இடரும் பயணியின் மீதே விழுகின்றன.