பிட்டொரன்ட்டும் பட்டையகலத் தட்டுப்பாடும்

பிட்டொரன்ட் என்பது ஒரு பெரிய கோப்பைப் பல கணினிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள உதவும் இணைய நெறிமுறை ஆகும். அமெரிக்க நிரலாளர் பிராம் கோயன் இதனை 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இம்முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பெற்ற கணினி, முழுக் கோப்பும் வந்து சேரும்வரை காத்திராமல் அத்துண்டைப் பிறருக்கு வழங்கத் தொடங்குகிறது. தனக்குத் தருபவருக்கே முன்னுரிமை கொடுத்துத் திருப்பித் தருவது இதன் அடிப்படை விதி.

குறுகிய இணைப்பில் எழுந்த சிக்கல்

அக்கால வீட்டு இணைப்புகள் பதிவிறக்கத்தை எண்ணி அமைக்கப்பட்டவை. ஏடிஎஸ்எல், கேபிள் ஆகிய இரண்டிலும் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தில் ஒரு சிறு பங்கே. பிட்டொரன்ட் பதிவேற்றப் பாதையை நிரப்பிவிட்டால், வந்த தரவுக்கு அனுப்பவேண்டிய ஒப்புகைகளும் அதே வரிசையில் காத்திருக்க நேரும். ஒப்புகை தாமதமானால் எதிர்முனை அனுப்பும் வேகம் குறையும். இதனால் பதிவிறக்கமும் மந்தமாகும்; அதே வீட்டில் இணையத் தொலைபேசியில் பேசுபவரின் குரலும் விட்டுவிட்டுக் கேட்கும்.

மென்பொருளில் பதிவேற்ற வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது பயனர்கள் கையாண்ட தீர்வாகும். வரம்பை மிகவும் தாழ்த்தினால், மேற்சொன்ன விதியின்படி பதிவிறக்கமும் சுருங்கும். ஆகவே இணைப்பின் பதிவேற்றத் திறனுக்குச் சற்றுக் கீழே வரம்பு வைப்பது வழக்கமாயிற்று.

காம்காஸ்ட் விவகாரம்

கேபிள் இணைப்பில் ஒரு பகுதியின் பல வீடுகள் ஒரே பதிவேற்றப் பாதையைப் பங்கிடுகின்றன. ஒருவர் செய்யும் பதிவேற்றம் அண்டை வீட்டாரையும் பாதிக்கும். அமெரிக்காவின் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் இதைக் காரணம் காட்டிப் பிட்டொரன்ட் பதிவேற்றங்களை இடைமறித்தது. இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் டிசிபி பொதிகளை, மறுமுனைக் கணினியே அனுப்பியதுபோல் அது உருவாக்கி அனுப்பியது. பயனருக்கு இது தெரிவிக்கப்படவில்லை.

2007 இல் ராப் டொபோல்ஸ்கி என்ற வலையமைப்புப் பொறியாளர், பழைய நால்வர் குழுப் பாடல்களைப் பகிர முயன்றபோது இதைக் கண்டறிந்தார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கிங் ஜேம்ஸ் விவிலியத்தின் கோப்பைக் கொண்டு சோதித்து, அதே ஆண்டு அக்டோபரில் இதனை உறுதிசெய்தது. தடை கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து விதிக்கப்படவில்லை, நெறிமுறையைப் பார்த்தே விதிக்கப்பட்டது என்பது இதனால் தெளிவாயிற்று.

2008 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 3-2 என்ற வாக்கில் காம்காஸ்டின் செயல் தவறு என முடிவுசெய்தது. காம்காஸ்ட் அம்முறையைக் கைவிட்டது. 2008 அக்டோபர் முதல், வீட்டு இணைப்பு ஒன்றுக்கு மாதம் 250 கிகாபைட்டு என்ற பொது வரம்பை அறிவித்தது. ஆனால் 2010 ஏப்ரல் 6 அன்று கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை எனக் கூறி அதன் ஆணையை நீக்கியது.

விட்டுக்கொடுக்கும் நெறிமுறை

இதே காலத்தில் பிட்டொரன்ட் தரப்பு யூடிபி என்னும் புதிய நெறிமுறையை உருவாக்கியது. பொதிகள் சென்றடைய ஆகும் தாமதத்தை இது தொடர்ந்து அளக்கிறது. தாமதம் கூடினால் பாதையில் நெரிசல் எனக் கொண்டு தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. பாதை ஓய்ந்ததும் மீண்டும் கூட்டுகிறது. இதே கருத்தில் அமைந்த லெட்பேட் வழிமுறை 2012 டிசம்பரில் ஆர்எஃப்சி 6817 ஆக வெளியிடப்பட்டது.

நெரிசலைக் குறைக்க நிறுவனம் மறைவாகச் செய்ததை, பயனரின் கணினியே வெளிப்படையாகச் செய்ய முடியும் என்பதை இது காட்டியது. எனினும் இது தாமதத்தையே தீர்க்கும். மாத அளவு வரம்புள்ள இணைப்பில், எவ்வளவு பதிவேற்றுவது என்பதைப் பயனரே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.