தீப்பெட்டிப் படங்களின் நிறம்: ‘பிரிண்டெட் ரெயின்போ’ குறித்து ஒரு மறுவாசிப்பு

கீதாஞ்சலி ராவின் அனிமேஷன் படமான ‘பிரிண்டெட் ரெயின்போ’ (2006) பற்றிய எழுத்துகளில் ஒரு வாசிப்பு நிலைபெற்றிருக்கிறது. மூதாட்டி தன் பூனையோடு வாழும் சாம்பல்நிற அடுக்குமாடி வீடு மெய். அவர் நுழையும் தீப்பெட்டிப் படங்களின் வண்ண உலகம் கனவு. சாம்பல் தனிமையைச் சுட்டுகிறது, வண்ணம் விடுதலையை. படம் எழுப்பும் உணர்வை இவ்வாசிப்பு சரியாகவே பற்றுகிறது. ஆனால் அந்த வண்ணங்கள் எங்கிருந்து வந்தவை என்று அது கேட்பதில்லை.

தீப்பெட்டி அடுப்படிப் பொருள். 1920களில் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதற்கு வேண்டிய லேபிள்களே அவ்வூர் லித்தோ அச்சகங்களை வளர்த்தன. லேபிளை மிக மலிவாக அடிக்க வேண்டும். எழுத்தறியாதவரும் தூரத்திலிருந்தே மார்க்கைக் கண்டு கேட்டு வாங்க வேண்டும். ஆகவே மைகள் சில. சிவப்பும் மஞ்சளும் நீலமும் தட்டையாக, அழுத்தமாக விழும். மயில், யானை, தெய்வம் என உருவங்களும் அந்தக் கணக்கிலேயே தேர்ந்தவை. மூதாட்டியின் ‘கனவு’ என்று நாம் சொல்லும் உலகின் துலக்கத்தை ஆக்கியது அச்சகத்தின் சிக்கனம். அந்த உலகம் வீட்டுக்கு அப்பால் இல்லை. விளக்கேற்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. படத்தின் சோகம் இதனால் குறைவதாக நான் கருதவில்லை, கூடுகிறது: அவருக்கு வாய்த்த வண்ணம் முழுவதும் தீக்குச்சியோடு விலைக்கு வந்த வண்ணமே.

திரையில் காணும் நிறங்கள் எந்த லேபிளையும்விடச் செழுமையானவை என்பது மறுப்பாகலாம். ஓவியர் கை பட்டால் நிறம் செழிக்கும், மூலம் மாறிவிடாது. அயல்நாட்டுப் பார்வையாளருக்குச் சிவகாசி தெரியாதே என்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மும்பையின் மாட்டுங்காவில் இருந்து பார்ப்பவருக்குச் சாம்பல் மெய், வண்ணம் கனவு என்ற இருமை தொடக்கத்திலேயே ஐயம் தரும். மழையில் கறுத்த கட்டடச் சுவரும் அதன் அடியில் பூக்கடைகளில் குவிந்த கனகாம்பரமும் செவ்வந்தியும் ஒரே பார்வையில் விழுகின்றன. இவற்றில் எது மெய், எது கனவு? ராவின் பிற்காலப் படம் இந்த ஐயத்தை உறுதிசெய்கிறது என்றே துணிகிறேன். 2019இல் வெனிஸ் விமர்சகர் வாரத்தைத் தொடங்கிவைத்த ‘பாம்பே ரோஸ்’ படத்தில் பூ விற்கும் கமலாவின் இன்றைய தெரு வண்ணமயமானது. முதிய ஷெர்லி டிசோசா நடக்கும்போது விரியும் பழைய பம்பாயோ கறுப்பு வெள்ளை. கமலாவின் கற்பனையோ முகலாயச் சிற்றோவியத்தின் நிறங்களைக் கடன் வாங்குகிறது. சாம்பல் மெய்க்கும் வண்ணம் கனவுக்கும் உரியவை என்ற சூத்திரம் இங்கே நிற்காது. ஒவ்வோர் உலகும் தனக்கு முன்பே இருந்த ஓர் ஊடகத்திலிருந்து நிறம் பெறுகிறது: லேபிள், சிற்றோவியம், பழைய கறுப்பு வெள்ளைச் சினிமா.

எனவே அனிமேஷனின் வண்ணத் திட்டத்தை மனநிலைகளின் பட்டியலாக வாசிக்குமுன் மையையும் காகிதத்தையும் விசாரிக்க வேண்டும். இதற்கு மும்பைத் தமிழர் உதவ முடியும்: தாராவித் தமிழர் பலரின் பூர்விகமான திருநெல்வேலிச் சீமைக்கு அண்டை நிலமே இந்த லேபிள்கள் பிறந்த வட்டாரம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் பழைய தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்திருப்போர் அவற்றை எறிந்துவிடாமல் ஆய்வாளர் பார்வைக்குத் தந்துதவ வேண்டுகிறேன்.