பாறையின்மேல் நின்ற ஜெபமும் பதினொரு நாள் கழித்து எழுந்த நெருப்பும்



அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூர் உள்ளது. 1863ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் மூன்று நாள்களில், அந்நாட்டு உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய சண்டை அங்கேதான் நடந்தது. அந்தப் போர்க்களத்தில் ஒரு பாறையின்மேல் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. அது படைத்தலைவனின் சிலை அன்று. வலக்கையை உயர்த்தி நிற்கும் ஒரு கத்தோலிக்கக் குருவானவரின் சிலை. அவர் பெயர் வில்லியம் கார்பி.

இறையியல் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஒரு நூலில் அந்தச் சிலையின் படத்தைக் கண்டேன். ஊழியத்துக்கு வந்தபின் ஒரு நினைவு ஆராதனையில் அவருடைய கதையைப் பிரசங்கத்தில் சொன்னேன். சபையார் உருக்கத்தோடு கேட்டனர். நான் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. மறுபாதியையும் சேர்த்து இன்று எழுதுகிறேன்.

கார்பி குருவானவர் ஊழியம் செய்த படைக்கு ஐரிஷ் பிரிகேடு என்று பெயர். அதில் இருந்தவர்களில் மிகப் பலர் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஏழைகள். 1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளின் அன்றாட உணவே அந்தக் கிழங்குதான். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதே அளவினர், அல்லது அதற்கும் மேற்பட்டோர், கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினர். அவ்வளவு சாவுக்கு நடுவிலும் அந்நாட்டுத் தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பதை அந்த மக்கள் கடைசிவரை மறக்கவில்லை. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் வாழ்ந்தவர்களில் சுமார் 16 லட்சம் பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள்.

வந்த இடத்திலும் அவர்களை வரவேற்பதற்கு எவரும் இல்லை. துறைமுகத்தில் சுமை தூக்குவதும், கால்வாய் வெட்டுவதும், பிறர் வீடுகளில் பணிவிடை செய்வதும் அவர்களுக்கு வாய்த்த வேலைகள். அவர்கள் கத்தோலிக்கர் என்பதே பலருக்குப் பெரும் வெறுப்பாக இருந்தது. 1834ஆம் ஆண்டு பாஸ்டன் நகருக்கு அருகில் ஒரு கன்னியர் மடத்தைக் கும்பல் ஒன்று எரித்தது. 1844ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் இரண்டு கத்தோலிக்க ஆலயங்கள் தீக்கிரையாயின. எரித்தவர்கள் தங்களைச் சீர்திருத்தச் சபையின் நல்ல விசுவாசிகள் என்று எண்ணிக்கொண்டவர்கள். நம்மைப் போன்ற சீர்திருத்தச் சபையார் இதை விரைந்து கடந்துவிடக் கூடாது.

1861ஆம் ஆண்டு போர் மூண்டது. வடபுலத்து ஒன்றியப் படையில் அயர்லாந்தில் பிறந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்தனர். தென்புலத்துக்காகவும் பல்லாயிரவர் போரிட்டனர். அவர்கள் சேர்ந்ததன் காரணங்கள் பலவகைப்பட்டவை. மாதம் 13 டாலர் சம்பளம் பசித்த வீட்டுக்குப் பெரிது. புதிய நாட்டுக்கு நாங்களும் உரியவர்கள் என்று இரத்தத்தால் காட்டிவிட வேண்டும் என்ற ஏக்கம் சிலருக்கு. இங்கே போர்க்கலை கற்று, பின்னொரு நாள் அயர்லாந்தை விடுவிக்கலாம் என்ற கனவு வேறு சிலருக்கு. அடிமைத்தனத்தை ஒழிக்க வேண்டும் என்று சேர்ந்தவர் மிகச் சிலரே.

ஐரிஷ் பிரிகேடைத் திரட்டி நடத்தியவர் தாமஸ் பிரான்சிஸ் மேகர். 1848ஆம் ஆண்டு அயர்லாந்து எழுச்சியில் பங்குகொண்டதற்காக மரணதண்டனை பெற்று, பின் அது குறைக்கப்பட்டு, இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். அங்கிருந்து தப்பி 1852ஆம் ஆண்டு நியூயார்க் வந்து சேர்ந்தார். பிரிகேடின் முதல் மூன்று படையணிகளும் நியூயார்க்கில் திரட்டப்பட்டவை. மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா மாநிலங்களின் படையணிகள் பின்னர் சேர்ந்தன. பச்சைக் கொடியில் பொன்னிற யாழ் பொறித்து அவர்கள் முன்சென்றனர்.

1862ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஆண்டீடம் களத்தில், பள்ளமாய்த் தேய்ந்துபோன ஒரு வண்டிப்பாதையை நோக்கி அவர்கள் முன்னேறினர். ஒரே நாளில் சுமார் 540 பேர் வீழ்ந்தனர் அல்லது காயமுற்றனர். மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 13ஆம் நாள் பிரெட்ரிக்ஸ்பர்க் வந்தது. மேட்டின் அடிவாரத்தில் நீண்ட கல்மதில். அதன் பின்னே தென்புலத்தின் துப்பாக்கிகள். நடுவே ஒதுங்க இடமில்லாத வெளி. கிழிந்த கொடிகளுள் பெரும்பாலானவற்றைப் புதுப்பிக்க ஊருக்கு அனுப்பிவிட்டிருந்ததால், வீரர்கள் பச்சிலைக் கொத்தொன்றைத் தொப்பியில் செருகிக்கொண்டனர். ஏறத்தாழ 1,200 பேர் ஏறிச் சென்றனர். 545 பேர் பலியானவர், காயமுற்றவர், காணாமற்போனவர் கணக்கில் சேர்ந்தனர். மதிலை எவரும் எட்டவில்லை.

அந்த மதிலுக்குப் பின்னால் நின்ற ஜார்ஜியா படையணிகளுள் ஒன்றின் தலைவர் ராபர்ட் மக்மில்லன். அவரும் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவரே.

இதைவிட என் மனத்தை வருத்துவது ஜான் மிட்செல் என்பவரின் வரலாறு. இவர் ஒரு பிரெஸ்பிட்டீரியன் போதகரின் மகன். மேகரோடு ஒரே இயக்கத்தில் உழைத்து, அதே தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, அவரைப் போலவே தப்பி வந்து, 1854ஆம் ஆண்டு அவரோடு சேர்ந்து நியூயார்க்கில் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அந்தப் பத்திரிகையிலேயே, அடிமைகள் நிறைந்த தோட்டம் ஒன்று தமக்கு வாய்த்தால் நலம் என்று வெளிப்படையாக எழுதினார். தம் இனத்தின் விடுதலைக்காகச் சங்கிலி அணிந்தவர் இன்னொரு இனத்தின் சங்கிலியில் குற்றம் எதையும் காணவில்லை. போர் வந்தபோது அவருடைய மூன்று மகன்களும் தென்புலத்துக்காகப் போரிட்டனர். ஒருவர் கையை இழந்தார். மூத்தவர் 1864ஆம் ஆண்டு சம்டர் கோட்டையில் மாண்டார். இளையவரான வில்லியம் கெட்டிஸ்பர்க் களத்தில், மூன்றாம் நாள் போரில் மடிந்தார்.

அதற்கு முந்தின நாள்தான் கார்பி குருவானவர் அந்தப் பாறையின்மேல் ஏறினார். ஜூலை 2, பிற்பகல். பிரிகேடில் அப்போது எஞ்சியிருந்தவர்கள் சுமார் 530 பேர் மட்டுமே. மேகர் பதவி விலகியிருந்தார். தலைமை ஏற்றிருந்தவர் பேட்ரிக் கெல்லி. கோதுமை வயல் ஒன்றில் சண்டை வலுத்து, புறப்பட உத்தரவு வந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பாவ அறிக்கை கேட்க நேரமில்லை. ஆகவே குருவானவர் அனைவருக்கும் ஒருசேரப் பாவமன்னிப்பு வழங்க முன்வந்தார். வீரர்கள் தொப்பியைக் கழற்றி முழந்தாளிட்டனர். அருகிலிருந்த படைத்தலைவர்களும் தலை தாழ்த்தினர். சற்று நேரத்தில் அவர்கள் வயலுக்குள் சென்றனர். ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டும் காயமுற்றும் காணாமலும் போயினர்.

நம் சபை மரபில் இத்தகைய ஒழுங்கு இல்லை. ஆயினும் அந்த நிலையில் நான் நின்றிருந்தால் வேறென்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. எதிரிக்கு முதுகு காட்டுபவனுக்குத் திருச்சபை கிறிஸ்தவ அடக்கம் தராது என்றும் அவர் அப்போது எச்சரித்ததாக அங்கிருந்த ஓர் அதிகாரி எழுதியிருக்கிறார். அந்த வார்த்தை எனக்கு உவப்பானதன்று. பயந்த பிள்ளைக்கும் கல்லறையில் இடம் உண்டு. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக் குறிப்புகளில் கார்பி வேறொன்றையும் சொல்கிறார்: அந்தப் பாவமன்னிப்பு தம் பிரிகேடுக்கு மட்டும் உரியதன்று, வடபுலம் தென்புலம் என்னாமல் அன்று தேவனுக்கு முன் நிற்கப் போகிற அனைவருக்காகவும் தாம் கருதியது என்கிறார். மறுநாள் மடியப்போகிற மிட்செலின் மகனும் அந்தக் கணக்கில் அடங்குவான் என்றே நான் கொள்கிறேன்.

என் பிரசங்கத்தை இங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

ஜூலை 11ஆம் நாள் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்புக்குச் சீட்டுக் குலுக்கத் தொடங்கினர். 300 டாலர் செலுத்த வல்லவன் போருக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்று சட்டம் இருந்தது. கூலித் தொழிலாளிக்கு அது எட்டாத தொகை. ஆண்டின் தொடக்கத்தில் அதிபர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்திருந்தது. விடுதலை பெறும் கறுப்பின மக்கள் வடக்கே வந்து நம் வேலையைப் பறித்துக்கொள்வார்கள் என்று கிளப்பிவிட்டவர்கள் உண்டு. 13ஆம் நாள் கலகம் வெடித்தது. கலகக்காரரில் பெரும்பாலோர் அயர்லாந்துத் தொழிலாளர். பணக்காரர்மேல் எழுந்த சினம் சில மணி நேரத்தில் கறுப்பின மக்கள்மேல் திரும்பியது. குறைந்தது 11 கறுப்பின ஆண்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்டனர். ஐந்தாம் அவென்யூவில் இருந்த கறுப்பினப் பிள்ளைகளின் அநாதை இல்லத்தைக் கும்பல் சூறையாடித் தீ வைத்தது. உள்ளே இருந்த 233 பிள்ளைகளைப் பொறுப்பாளர்கள் பின்வழியாக அழைத்துச் சென்று காப்பாற்றினர்.

பாறையருகே முழந்தாளிட்டவர்களும் இல்லத்தை எரித்தவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். ஆனால் ஒரே தெருக்களில் வாழ்ந்தவர்கள். ஒரே ஆலயங்களில் திருப்பலி கண்டவர்கள். கலகத்தை அடக்க நின்ற காவலர்களிலும் அயர்லாந்தார் பலர். ஹென்றி ஓ'பிரையன் என்ற அயர்லாந்துப் படைத்தலைவரைக் கும்பல் சித்திரவதை செய்தே கொன்றது. நான்கு நாள்களில் இறந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறத்தாழ 120 பேர்.

அந்த மக்களின் மேய்ப்பர், டைரோன் மாவட்டத்தில் பிறந்த பேராயர் ஜான் ஹியூஸ். 1844ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் ஆலயங்கள் எரிந்தபோது, நியூயார்க் ஆலயங்களுக்கு ஆயுதம் தாங்கிய காவல் வைத்து அவற்றைக் காத்தவர் இவரே. அதற்கு இரண்டாண்டு முன்னதாக, அயர்லாந்தின் பெருந்தலைவர் டேனியல் ஓ'கானலும் சுமார் 60,000 பேரும் கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பம் கடல் கடந்து வந்தது. அமெரிக்காவில் வாழும் அயர்லாந்தார் அடிமை ஒழிப்பாளரோடு சேர வேண்டும், கறுப்பின மக்களைச் சகோதரராக நடத்த வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். அது உண்மையானதுதானா என்று ஐயம் எழுப்பி, மெய்யானாலும் ஏற்க வேண்டாம் என்றார் ஹியூஸ். அந்நியர் நம் விவகாரத்தில் தலையிடுவதா என்பது அவர் வாதம். சபையின் மனத்துக்கு ஒவ்வாததைச் சொல்லாமல் விடுவது ஒரு போதகருக்கு எத்தனை எளிது என்பதை நான் அறிவேன். அந்த எளிமையை நானும் பயன்படுத்தியிருக்கிறேன்.

1863ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், கலகம் ஏறக்குறைய ஓய்ந்த பின், நோயுற்ற ஹியூஸ் தம் வீட்டு மாடத்தில் நாற்காலியில் அமர்ந்து ஆயிரக்கணக்கானோரிடம் பேசினார். அமைதியாக வீடு திரும்புங்கள் என்றார். உங்களில் கலகக்காரர் முகம் ஒன்றையும் நான் காணவில்லை என்றும் சொன்னார். கொல்லப்பட்ட கறுப்பின மக்களைக் குறித்து அவர் தம் கூட்டத்தாரை உரக்கக் கண்டிக்கவில்லை. ஆறு மாதத்துக்குள், 1864ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், அவர் மரித்தார்.

அதே 1864ஆம் ஆண்டுக் கோடையில் தென்புலத்தின் ஆண்டர்சன்வில் சிறைக்கு ஒரு முதிய குருவானவர் வந்தார். பீட்டர் வீலன் என்று பெயர். வெக்ஸ்ஃபர்டு மாவட்டத்தில் பிறந்தவர். தென்புலத்தின் ஆதரவாளரான அவர், முன்னர் ஒன்றியத்தாரிடம் போர்க்கைதியாகவும் இருந்தவர். அந்தத் திறந்தவெளிச் சிறையில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 45,000 ஒன்றிய வீரரில் சுமார் 13,000 பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். ஜூன் முதல் அக்டோபர் வரை அவர் அவர்கள் நடுவே இருந்தார். புறப்படுமுன் தென்புல நாணயத்தில் 16,000 டாலர் கடன் வாங்கி, 10,000 பவுண்டு கோதுமை மாவு வாங்கிக் கொடுத்தார். அந்த மாவில் சுட்டதைக் கைதிகள் ‘வீலன் ரொட்டி’ என்று அழைத்தனர்.