தனித்தாயும் தத்துப்பிள்ளையும்: மைசூர் மரபும் குழந்தைகளுக்கான பட நூல்களும்

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வரலாறு இரண்டு இடங்களில் திரும்புகிறது. சாலி என்பவள் ஈன்ற குழந்தையை இரவில் விட்டுச் செல்ல, ஏழு நாள் ஒரு பசு அதற்குப் பால் சுரந்து காக்கிறது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் அதனை எடுத்துத் தன் மகனாக வளர்க்கிறான். இது முதல் திருப்பம். வேள்விப் பசுவை விடுவித்த ஆபுத்திரனை எதிர்த்து நின்றோருள் ஒருவன், அவனுடைய பிறப்பின் கதையை அவையறியச் சொல்லி இகழ்கிறான். அந்நாள் வரை மகன் என்று வளர்த்த தந்தையும் அவனைக் கைவிடுகிறான். இது இரண்டாம் திருப்பம். காப்பியம் கூறும் துயரம் குழந்தை விடப்பட்டதில் மட்டும் இல்லை; அவன் பிறப்பை அவனுக்கு அன்போடு சொல்ல வேண்டியவர் சொல்லாதிருந்ததும், பகைவன் அதனை வசையாகச் சொன்னதும் அத்துயரத்தின் பெரும்பகுதி எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் மேலை நாடுகளில் தோன்றிய தத்துக் குழந்தைகளுக்கான பட நூல்கள் இந்த இரண்டாம் திருப்பத்தைத் தடுக்கும் முயற்சியிலிருந்து பிறந்தவை. 1939இல் அமெரிக்காவில் வாலன்டினா வாசன் எழுதி வெளிவந்த ‘தி சோசன் பேபி’ அவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. தத்தெடுத்த செய்தியைக் குழந்தையிடம் மறைத்தலே நன்று என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில், பிள்ளையை மடியில் அமர்த்தி, படம் காட்டி, அதன் கதையை அதற்கே சொல்லும் கருவியாக அந்நூல் அமைந்தது. ஆயினும் அதில் வருவோர் கணவனும் மனைவியும் ஆவர். தனித்து வாழும் பெண்ணொருத்தி தாயாவதைப் பட நூல்கள் ஏற்க இன்னும் பல பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. அமெரிக்காவிலேயே தனியொருவர் தத்தெடுப்பதற்கு ஒழுங்கான திட்டம் 1965இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில்தான் தொடங்கியது.

தனித்த பெண் தத்தெடுத்தல் என்றவுடன் அதனை மேலைநாட்டுப் புதுமை என்று கருதுவோர் நம்மிடையே உளர். மைசூர்ப் பகுதியின் வரலாறு அக்கருத்துக்கு இடம் தருவதில்லை.

மைசூர் நிலத்தில்

மைசூரு நகரில் வளரும் குழந்தை, தத்து என்னும் சொல்லை அரண்மனைக் கதையோடுதான் முதலில் கேட்கிறது. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த விசயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா, தலக்காடு மணலாகவும் மாலங்கி மடுவாகவும் மைசூர் மன்னர்க்கு மகப்பேறின்றிப் போகவும் சாபமிட்டுக் காவிரியில் பாய்ந்தாள் என்பது வழக்கில் உள்ள கதை. சாபம் வரலாறு ஆகாது; ஆனால் தத்து வரலாறாக நிகழ்ந்தது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1865இல் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். ஆங்கில அரசு அதனை 1867இல் ஏற்றது. 2013 டிசம்பரில் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மறைந்தபின், அவர் மனைவி பிரமோதா தேவி 2015 பிப்ரவரி 23ஆம் நாள் யதுவீரைத் தத்தெடுத்தார். கணவனை இழந்த ஒரு பெண், தானே முன்னின்று செய்த தத்து இது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து வயது நிரம்பாதவரையே தத்தெடுக்கலாம் என்கிறது. அவ்வயதைக் கடந்தவரை எடுப்பதற்கு மரபின் துணை வேண்டும். யதுவீரின் வயதோ அப்போது இருபதுக்கு மேல்.

அரச குடும்பத்திற்கு வெளியே நிலைமை வேறு. பழைய தரும சாத்திர நெறியில் கைம்பெண் தனக்காகத் தத்தெடுப்பதில்லை. இறந்த கணவனுக்காகவே எடுக்கிறாள். கணவனின் இசைவு வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதில் வட்டாரந்தோறும் வேறுபாடு இருந்தது. வங்கத்தில் வெளிப்படையான ஆணை தேவை. தமிழகத்திலோ உறவினர் இசைவு போதும் என்பதை 1868இல் பிரிவி கவுன்சில் இராமநாதபுரம் வழக்கில் நிலைநாட்டியது. இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தது செல்லுமா என்பதே அவ்வழக்கு. மைசூர் சமஸ்தானம் இதனைக் கடந்து ஓர் அடி முன்வைத்தது. 1933ஆம் ஆண்டின் இந்து சட்டப் பெண்கள் உரிமைச் சட்டம், கணவன் எழுத்து மூலம் வெளிப்படையாகத் தடுத்திருந்தாலன்றி, தத்தெடுக்கும் அதிகாரம் கைம்பெண்ணுக்கு உண்டு என்றே கொள்ள வேண்டும் என விதித்தது. சான்று காட்டும் சுமை பெண்ணின் தோளிலிருந்து இறங்கியது. சிறிய மாற்றம்போல் தோன்றினும், வழக்குமன்றப் படியேறிய கைம்பெண்களுக்கு அது சிறிதன்று.

இவை யாவும் ஆண்பிள்ளையைப் பற்றியவை. பெண் குழந்தையை ஒரு பெண் தன் வழித்தோன்றலாக எடுத்துக்கொண்ட வழக்கம் தேவதாசியரிடம் இருந்தது. அதனைச் சென்னை உயர்நீதிமன்றம் வரையறைகளோடு ஏற்க, பம்பாய் உயர்நீதிமன்றம் மறுத்தது. மைசூருக்கு அண்மையிலுள்ள நஞ்சன்கூடு அவ்வழக்கத்தின் நிலைக்களங்களுள் ஒன்று. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878இல் பிறந்த ஊர் அதுவே. 1909இல் மைசூர் அரசு கோயில்களில் தேவதாசிப் பணியை நிறுத்தியது. அவ்வழக்கத்தில் சிறுமியர்க்கு நேர்ந்த கேட்டை மறுக்க இயலாது. தடை வந்ததற்கும் அதுவே காரணம். ஆனால் கணவன் பெயரின்றி ஒரு பெண் மகளைத் தத்தெடுக்கலாம் என்ற கருத்து இந்நிலத்துக்கு அயலானது அன்று என்பதும் உண்மை. அக்கருத்துக்குப் பொதுச்சட்டத்தின் ஒப்புதல் 1956இல் கிடைத்தது. இந்து தத்தெடுப்பு மற்றும் சீவனாம்சச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் மணவிலக்குப் பெற்றவளும் தம் பெயரிலேயே ஆணையோ பெண்ணையோ தத்தெடுக்க வழிசெய்தது.

கடல் கடந்த குழந்தையும் அதன் நூலும்

நாடு கடந்த தத்துக்கு அச்சட்டம் பயன்படவில்லை. இந்துக்கள் அல்லாத வெளிநாட்டவர், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ்க் குழந்தையின் காப்புரிமையை மட்டும் பெற்றுத் தம் நாட்டில் தத்தெடுத்தனர். இதில் நேர்ந்த முறைகேடுகளை முன்னிட்டே இலட்சுமி காந்த் பாண்டே வழக்கில் 1984 பிப்ரவரி 6இல் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. உள்நாட்டுக் குடும்பத்துக்கே முதலிடம் என்பது அதன் சாரம். 1990இல் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம் அமைந்தது. 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது.

தனித்தாய் நாடு கடந்து தத்தெடுக்கும் பட நூல்கள் பெருகியது சீனாவை வைத்துத்தான். 1990களின் தொடக்கத்தில் சீனா அயல்நாட்டார்க்குத் தத்தைத் திறந்துவிட்டது. ஒரு குழந்தைக் கொள்கையால் கைவிடப்பட்ட பெண் குழந்தைகள் இல்லங்களில் நிறைந்திருந்தனர். மணமாகாத பெண்களும் விண்ணப்பிக்க முடிந்தது. ரோஸ் லூயிஸ் தம் வாழ்விலிருந்து எழுதி, ஜேன் டயர் நீர்வண்ணத்தில் தீட்டிய ‘ஐ லவ் யூ லைக் கிரேஸி கேக்ஸ்’ 2000இல் வெளிவந்தது. ஒரு பெண் சீன அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுகிறாள். பெரிய அறையில் பல குழந்தைகளோடு ஒன்றாகக் கிடக்கும் ஒரு குழந்தைக்குத் தாய் இல்லை. அவளுக்குக் குழந்தை இல்லை. அவள் வானூர்தியில் போய் வருகிறாள். தந்தை ஏன் இல்லை என்று நூல் விளக்கம் கூறுவதில்லை, அக்கேள்வியையே எழுப்புவதில்லை. அதன் துணிவு இம்மௌனத்தில்தான் இருக்கிறது.

இறுதிப் பகுதியில் அத்தாய் குழந்தையை அணைத்தபடி, அதனை வைத்துக்கொள்ள இயலாமற் போன சீனத்தாயை எண்ணி அழுகிறாள். மகிழ்ச்சிக் கதையில் இந்தக் கண்ணீர் இல்லையெனில் நூல் வெறும் வாழ்த்தட்டையாகியிருக்கும். எனினும் கண்ணீர் சிந்துபவள் பெற்றுக்கொண்டவளே. கொடுத்தவளுக்கு முகமும் இல்லை, பேச்சும் இல்லை. அவள் ஏன் கொடுத்தாள், யார் கொடுக்க வைத்தார் என்பது படத்துக்கு வெளியே நிற்கிறது. 2002இல் வந்த ‘தி ஒயிட் ஸ்வான் எக்ஸ்பிரஸ்’ வெவ்வேறு வகைக் குடும்பங்களை ஒரே குவாங்சோ பயணத்தில் இணைத்தது. தனித்த பெண்ணும் அதில் ஒருத்தி. அந்நூலிலும் சீனத்தாய் தோன்றுவதில்லை. இது ஆசிரியர்களின் குறை என்பதினும் ஆவணங்களின் குறை எனல் பொருந்தும். குழந்தையை விட்டுச் செல்வது அங்குக் குற்றமாதலால் பெற்றோர் பெயர் எழுதப்படுவதே அரிது.

சட்டம் மாறியபோது நூலுக்கு அடிப்படையான வாழ்வும் மாறியது. 2007 மே முதல் சீனா தனியாட்களின் விண்ணப்பங்களை விலக்கியது. பின்னர் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்காகத் தனித்த பெண்களை மீண்டும் அனுமதித்தது. 2024 செப்டம்பரில், உறவினரல்லாத அயல்நாட்டார்க்குத் தத்து கொடுப்பதையே நிறுத்தியது. லூயிஸின் நூல் விவரிக்கும் பயணம் இனி நிகழாது.

இந்தியாவை மையமிட்ட நூல்களுள் உமா கிருஷ்ணசுவாமியின் ‘பிரிங்கிங் ஆஷா ஹோம்’ 2006இல் வந்தது. அமெரிக்காவிலுள்ள சிறுவன் அருண், இந்தியாவிலிருந்து வரவேண்டிய தங்கைக்காகக் காத்திருக்கிறான். ராக்கி கட்டத் தங்கை வேண்டும் என்பது அவன் ஏக்கம். தாளும் முத்திரையும் நிறைந்த தாமதத்தைக் குழந்தையின் கண்ணால் காட்டியதே அதன் சிறப்பு. ஆயினும் அங்கே தாயும் உண்டு, தந்தையும் உண்டு. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் வெளியிட்ட தீபா பல்சவரின் ‘தி லோன்லி கிங் அண்ட் குயீன்’ தத்தை நாட்டுப்புறக் கதை வடிவில் சொல்கிறது. அதிலும் அரசனும் அரசியும் இணைந்தே இருக்கின்றனர். சட்டம் 1956இலேயே ஏற்ற தனித்தாயை நம் படக்கதை இன்னும் ஏற்கத் தயங்குகிறது.

சொல்

இத்தயக்கத்துக்குச் சொல்லும் ஒரு காரணம் ஆகலாம். ‘தத்து’ என்பது கொடுக்கப்பட்டது எனப் பொருள்படும் வடசொல்லின் வழியது. ‘சுவிகாரம்’ தனதாக்கிக் கொள்ளுதல். முன்னதில் கொடுத்தவரும் பின்னதில் கொண்டவரும் குறிக்கப்பெற, குழந்தை இரண்டிலும் பொருளாகவே நிற்கிறது. கன்னடத்தில் வளர்ப்புத்தாயைச் ‘சாகு தாயி’ என்பர். சாகு என்பது பேணி வளர்த்தலைக் குறிக்கும் வினை. தமிழ்க் காதுக்கு அது வேறுவிதமாக ஒலிப்பது மைசூர்த் தமிழர் வீடுகளில் சிரிப்புக்கு உரியது. நமக்கோ ‘செவிலித்தாய்’ உண்டு. அகமரபு நற்றாயையும் செவிலியையும் அருகருகே நிறுத்தி, இருவருக்கும் கூற்று வகுத்தது. மகள் உடன்போக்கில் சென்றபின் சுரத்திடைத் தேடிச் செல்பவள் செவிலியே. ஒருத்தியைத் தாயென்று சொல்ல இன்னொருத்தியை மறைக்க வேண்டியதில்லை என்பதை இம்மரபு முன்பே அறிந்திருந்தது.

கன்னட மரபும் அறிந்திருந்தது. மைசூர்ப் பகுதியின் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த ‘கோவின ஹாடு’ என்னும் நாட்டுப்பாடலில் புண்ணியகோடி என்னும் பசு, புலிக்குக் கொடுத்த வாக்கைக் காக்கப் போகுமுன் கன்றுக்குப் பாலூட்ட வருகிறது. தான் சாகப் போவதைக் கன்றிடமே சொல்கிறது. பின் மற்றப் பசுக்களை அழைத்து, இதனை முட்டாதீர், உதைக்காதீர், உங்கள் கன்றாகக் கருதுங்கள் என்று ஒப்படைக்கிறது. மைசூரில் வாழ்ந்த பைரப்பா 1968இல் எழுதிய நாவலுக்குத் தலைப்பே இப்பாடலின் ஒரு வரிதான். லூயிஸ் நூலில் கேட்காத குரல் இங்குக் கேட்கிறது: கொடுப்பவள் பேசுகிறாள், காரணம் சொல்கிறாள், பெறுவோரிடம் நிபந்தனை வைக்கிறாள். கன்று எதிர்த்து அழுகிறது. அந்த அழுகைக்கும் பாடலில் இடமுண்டு. புலி மனம் மாறியதால் புண்ணியகோடி கன்றிடம் திரும்பிவிடுகிறது. திரும்ப முடியாத தாயர்க்கும் இதே பேச்சுரிமையைத் தரும் படநூல் தமிழில் எழுதப்படுமாயின், அதற்கான முன்மாதிரியைக் குவாங்சோவில் தேட வேண்டியிராது. சாலியின் கதை, அவள் வாய்மொழியாக இன்னும் சொல்லப்படாமல், மணிமேகலையிலேயே கிடக்கிறது.