கடலூர் முதுநகர்

கடலூர் முதுநகர் என்பது தமிழ்நாட்டில் கடலூர் மாநகரின் தென்பகுதியில், உப்பனாற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ள பழைய துறைமுக நகர்ப்பகுதி ஆகும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முதலியன அமைந்த மஞ்சக்குப்பம் இதற்கு வடக்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களில் கடலூர் எனக் குறிப்பிடப்படும் ஊர் இன்றைய முதுநகரே. விடுதலைப் போராட்ட வீரர் அஞ்சலை அம்மாள் பிறந்த ஊர் என்ற வகையிலும் இது அறியப்படுகிறது.

பெயர்

ஆறுகள் கடலோடு கூடும் இடம் என்ற பொருளில் கூடலூர் என வழங்கிய பெயரே பின்னர் கடலூர் என மாறியது. முகமதியர் ஆட்சிக் காலத்தில் இசுலாமாபாத் என்ற பெயரும் இவ்வூருக்கு இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் நிர்வாகம் கெடிலம் ஆற்றுப் பகுதிக்கு நகர்ந்த பின்னர் வடக்கே வளர்ந்த பகுதி புதுநகர் எனவும், துறைமுகத்தை ஒட்டிய மூல ஊர் பழைய நகர் எனவும் அழைக்கப்பட்டன. பழைய நகர் என்பதன் தமிழாக்கமே முதுநகர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு உள்ளூர் மக்கள் இதனை இன்றும் ஓ.டி. என்றே சொல்கின்றனர். புதுநகருக்கு என்.டி. என்று பெயர்.

தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்திலும் தேனி மாவட்டத்திலும் கூடலூர் என்ற பெயரில் ஊர்கள் இருப்பதால், பழைய ஆவணங்களைப் படிப்போர் எந்தக் கூடலூர் என்பதை முதலில் உறுதி செய்து கொள்ள வேண்டும்.

அமைவிடம்

முதுநகருக்கும் வங்கக் கடலுக்கும் இடையே உப்பனாறு கரைக்கு இணையாக ஓடுகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், அக்கரைகோரி ஆகிய மீனவக் குடியிருப்புகள் உள்ளன. மேற்கே செம்மண் மேடான கேப்பர் மலை உள்ளது. இம்மேட்டில் 1865-இல் தொடங்கப்பட்ட கடலூர் மத்திய சிறைச்சாலை இயங்குகிறது. தெற்கே சிதம்பரம் செல்லும் சாலையில் குடிகாடு பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. வேதித் தொழிற்சாலைகள் மிகுந்த இத்தொழிற்பேட்டையின் கழிவுகளால் உப்பனாறு மாசடைவது நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் சிக்கலாகும்.

வரலாறு

கம்பனியின் வருகை

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒல்லாந்தர் வடக்கே தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்யத் தொடங்கினர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி 1680-களின் தொடக்கத்தில் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடம் இசைவு பெற்றுக் கடலூரில் பண்டகசாலை அமைத்தது. இப்பகுதியின் நெசவுத் துணிகளே கம்பனியை ஈர்த்த சரக்கு.

1690-இல் சென்னையின் ஆளுநராக இருந்த எலிகூ யேல் (பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர்) தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார். அக்கோட்டை ஓர் இந்து வணிகரால் கட்டப்பட்டது. ஆங்கிலேயர் அதற்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். கோட்டையுடன் எவ்வளவு நிலம் சேரும் என்பதை முடிவு செய்த முறை வியப்பானது. கோட்டையிலிருந்து பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது. குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாம் கம்பனிக்கு உரியவை ஆயின. இவ்வாறு கடலூரும் கம்பனியின் ஆளுகைக்குள் வந்தது. அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரும், குண்டு சாலை என்ற தெருப் பெயரும் இதன் எச்சங்கள்.

பிரெஞ்சுப் போர்கள்

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும் ஆங்கிலேயரின் தலைமையிடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பனியின் ஆட்சி இங்கிருந்தே நடந்தது. சென்னையிலிருந்து தப்பி வந்து இக்கோட்டையில் சேர்ந்தவர்களுள் அப்போது எழுத்தராக இருந்த இராபர்ட் கிளைவும் ஒருவர்.

இப்போர்களில் முதுநகரே களமான நிகழ்வு 1748 சூன் மாதம் நடந்தது. புதுச்சேரி ஆளுநர் தூப்ளே அனுப்பிய படை கடலூரை நெருங்கி வந்தது. ஆங்கிலத் தளபதி இசுட்ரிங்கர் லாரன்சு பகல் வேளையில் ஊரிலிருந்த பீரங்கிகளையும் வீரர்களையும் எல்லோரும் காணும்படி கோட்டைக்கு அனுப்பினார். இருட்டியதும் அவர்களை ஓசையின்றி மீண்டும் ஊருக்குள் கொண்டுவந்தார். காவலற்ற ஊர் என நம்பி நள்ளிரவில் மதிலேற வந்த பிரெஞ்சுப் படை, எதிர்பாராத சூட்டுக்கு ஆளாகிப் பின்வாங்கியது.

1758-இல் நிலைமை மாறியது. பிரெஞ்சுத் தளபதி லாலி மே மாதம் கடலூரையும் சூன் 2 அன்று கோட்டையையும் பிடித்தார். கோட்டை இடிக்கப்பட்டது. அதன் பின்னர் அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கோட்டை அழிந்தபின் போர்கள் ஊரையே மையமாகக் கொண்டன. 1760-இல் ஆங்கிலேயர் கடலூரை மீட்டனர். 1782 ஏப்ரலில் ஐதர் அலியின் துணையுடன் பிரெஞ்சுக்காரர் மீண்டும் அதனைப் பிடித்தனர். 1783 சூன் மாதம் ஆங்கிலத் தளபதி சேம்சு இசுட்டுவர்ட்டு முற்றுகையிட, புஸ்ஸி ஊரைக் காத்து நின்றார். சூன் 13-ஆம் நாள் தாக்குதலில் இரு தரப்பிலும் பெருஞ்சேதம் ஏற்பட்டது. சூன் 20-இல் கடலூருக்கு அப்பால் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரனும் ஆங்கிலேயர் இயூசும் மோதினர். ஐரோப்பாவில் பல மாதங்களுக்கு முன்பே அமைதி உடன்பாடு முடிவாகியிருந்தது. அச்செய்தி இங்கு வந்து சேர்ந்தது சூன் இறுதியில்தான். இத்தனை உயிர்களும் முடிந்துபோன ஒரு போருக்காகவே பலியாயின. 1785-இல் ஊர் ஆங்கிலேயரிடம் திருப்பித் தரப்பட்டது.

பிற்காலம்

1801-இல் தென்னார்க்காடு மாவட்டம் கம்பனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கடலூர் அதன் தலைநகராயிற்று. ஆனால் அலுவலகங்களும் அதிகாரிகளின் வீடுகளும் மஞ்சக்குப்பத்தில் அமைந்தன; முதுநகர் வணிகப் பகுதியாக நின்றுவிட்டது. 1866-இல் கடலூர் நகராட்சி அமைக்கப்பட்டபோது இரு பகுதிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இந்நகராட்சி 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 1993-இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டதிலிருந்து முதுநகர் கடலூர் மாவட்டத்தில் உள்ளது.

துறைமுகமும் வாழ்வும்

ஆற்றின் முகத்துவாரம் ஆழமற்றது. எனவே பெரிய கப்பல்கள் கடலூரில் கரையை அணைவதில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குப் படகுகள் ஆற்று வழியே சென்று ஏற்றி இறக்கின. துணி வணிகம் குறைந்த பின்னர் நிலக்கடலை முதலிய வேளாண் பொருள்களும், விடுதலைக்குப் பின் சேலத்து இரும்புத் தாதும் இவ்வழியே ஏற்றுமதி ஆயின. உரங்கள் இறக்குமதி செய்யப்பட்டன. சேலம் பகுதியோடு இத்துறைமுகத்தை இணைப்பது விருத்தாசலம் வழியாகச் செல்லும் தொடர்வண்டிப் பாதையாகும். அப்பாதை விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையிலிருந்து பிரியும் இடமே கடலூர் துறைமுகச் சந்திப்பு. கடலூர் செல்வோர் பலர் பெயரை நம்பி இங்கு இறங்கிவிடுவதுண்டு. பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ளது திருப்பாதிரிப்புலியூர் நிலையமே.

இன்று மீன்பிடித்தலே முதுநகரின் முதன்மையான தொழில். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், அக்கரைகோரி, வடக்கே தேவனாம்பட்டினம் ஆகிய குப்பங்கள் பெரும் பாதிப்புக்கு உள்ளாயின. மாவட்டம் முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலிலும் படகுகளும் வீடுகளும் சேதமடைந்தன.

குறிப்பிடத்தக்கவர்கள்

அஞ்சலை அம்மாள்

முதுநகரில் எளிய குடும்பத்தில் 1890-இல் பிறந்தவர் அஞ்சலை அம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் முருகப்பா. 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து பொதுவாழ்வுக்கு வந்தார். இயக்கச் செலவுக்காகக் குடும்பத்தின் நிலத்தையும் வீட்டையும் விற்றார்.

1857 எழுச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய நீலின் சிலை சென்னை மவுண்ட் சாலையில் இருந்தது. அதனை அகற்றக் கோரி 1927-இல் நடந்த போராட்டத்தில் அவர் தம் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துச் சென்று கைதானார். போராட்டக்காரர்களைச் சந்தித்த காந்தி, பின்னர் அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துக் கொண்டார். (லீலாவதி பின்னாளில், மார்க்சின் மூலதனத்தைத் தமிழாக்கிய க. இரா. ஜமதக்னியை மணந்தார்.) நீலின் சிலை 1937-இல் சாலையிலிருந்து அகற்றப்பட்டது.

1930-களின் தொடக்கத்தில் கருவுற்ற நிலையில் அஞ்சலை அம்மாள் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். பேறுக்காக வெளியே விடப்பட்ட அவர் கைக்குழந்தையுடன் மீண்டும் சிறைக்குத் திரும்பினார். 1934-இல் கடலூர் வந்த காந்தி இவரைச் சந்திக்க அரசு தடை விதித்தது. அஞ்சலை அம்மாள் பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து சந்தித்தார். காந்தி இவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று பாராட்டினார். 1937, 1946 ஆகிய ஆண்டுகளில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில், தீர்த்தாம்பாளையம் பகுதியின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க இவரது முயற்சியால் வெட்டப்பட்ட கால்வாய் அஞ்சலை வாய்க்கால் எனப்படுகிறது. விடுதலைக்குப் பின் தியாகிகளுக்கான ஓய்வூதியத்தை ஏற்க மறுத்த அவர் 1961-இல் காலமானார்.

கிர்நாண்டர்

சுவீடனில் பிறந்த யோகன் சகரியா கிர்நாண்டர் 1740-இல் கடலூருக்கு வந்து சீர்திருத்தக் கிறித்தவ மறைப்பணியை நடத்தினார். 1758-இல் ஊர் பிரெஞ்சுக்காரர் வசமானதும் கல்கத்தா சென்றார். வங்காளத்தின் முதல் சீர்திருத்தத் திருச்சபை மறைப்பணியாளராக அவர் கருதப்படுகிறார்.

தாமசு பாரி

சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த வணிகர் தாமசு பாரி, 1824-இல் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதியால் இறந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்டது கடலூர்க் கிறித்து ஆலயத்தில்.

பெயர் மயக்கங்கள்

முதுநகரோடு தவறாகச் சேர்த்துக் கூறப்படும் பெயர்கள் பல. கிளைவ் 1756-இல் ஆளுநராக வந்தபோதும் அவர் அலுவல் புனித டேவிட் கோட்டையைச் சார்ந்தது. எழுத்தாளர் ஜெயகாந்தன் (பிறப்பு 1934) மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவர். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்ததும், ஞானியார் அடிகள் மடத்தலைவராக இருந்ததும் திருப்பாதிரிப்புலியூரில். சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சராக 1920-இல் பொறுப்பேற்ற அ. சுப்பராயலு ரெட்டியாரைக் கடலூர்க்காரர் எனப் பொதுவாகச் சொல்வதே பொருந்தும். சுப்பிரமணிய பாரதி 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையில் கைதாகித் திசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். அவரைக் கைதி என்றுதான் குறிக்க முடியும், ஊர்வாசி அல்லர்.

1783 முற்றுகையில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சுப் படைவீரர் ஒருவரே பின்னர் சுவீடன் மன்னரான பெர்னதோத்து என்ற கதையும் பல நூல்களில் காணப்படுகிறது. அவரது வாழ்க்கையை ஆராய்ந்தோர் இதனை ஏற்கவில்லை.

ஆய்வுக்கான சான்றுகள்

முதுநகரின் வரலாற்றைத் தேடுவோருக்குக் கம்பனியின் புனித டேவிட் கோட்டை ஆலோசனைக் குறிப்புகள் முதன்மையானவை. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இவற்றைப் பாதுகாக்கிறது. ஒரு பகுதி அச்சாகியும் உள்ளது. பிரெஞ்சுத் தரப்பின் செய்திகளுக்கு 1736-இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு இன்றியமையாதது. மாவட்டக் கையேடு (கார்சுட்டின், 1878), மாவட்ட விவரச்சுவடி (பிரான்சிசு, 1906), சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளை சே. சே. காட்டன் தொகுத்த நூல் (1905) ஆகியன எளிதில் கிடைப்பவை.

இவற்றைப் பயன்படுத்தும்போது கால வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். 1801-க்கு முந்திய குறிப்புகளில் கடலூர் என்றால் பெரும்பாலும் முதுநகர். பிந்திய அரசு ஆவணங்களில் மாவட்டத் தலைமையிடமான மஞ்சக்குப்பத்தையும் அது குறிக்கும். மேலும் இந்நூல்கள் அனைத்தும் கம்பனி அலுவலரையும் படைத்தலைவரையுமே விரிவாகப் பேசுகின்றன. துணி நெய்தவர், சரக்குப் படகு ஓட்டியவர், மதிலுக்குள் முற்றுகையைத் தாங்கிய ஊரார் ஆகியோர் எண்ணிக்கையாகவே வருகின்றனர். பெண்கள் அதுவும் இல்லை. அவர்களைப் பற்றி அறியப் பள்ளிவாசல், தேவாலயப் பதிவேடுகளையும், சார்பதிவகத்தின் பழைய பத்திரங்களையும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும், முதியோரின் வாய்மொழியையுமே நாட வேண்டியுள்ளது. அஞ்சலை அம்மாளின் வாழ்வு காந்தியின் உரைகள், சட்டமன்ற நடவடிக்கைகள், அக்கால நாளிதழ்கள் ஆகியவற்றில் சிதறிக் கிடக்கிறது. உப்புக்காற்றில் காகிதம் விரைவில் பொடியும் கடற்கரை ஊர் இது. எனவே வீடுகளில் உள்ள பத்திரங்களையும் ஒளிப்படங்களையும் படியெடுத்து வைப்பதே முதலில் செய்ய வேண்டிய பணியாக உள்ளது.